சிகாகோ அலமாரியில் ஒரு பவளத்தீவுக் கடல்

பவளத்தீவில் இரும்பு கிடையாது. கூர் தீட்டக்கூடிய கருங்கல்கூடக் கிடையாது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரிரு மீட்டர் எழும்பி நிற்கும் சுண்ணாம்புத் திட்டு, அதன்மேல் தென்னையும் தாழையும் சில புதர்களும், அவ்வளவுதான். மத்தியப் பசிபிக்கில் நிலநடுக்கோட்டை ஒட்டிச் சிதறிக் கிடக்கும் கில்பர்ட் தீவுகளின் நிலைமை இது. 1979இல் விடுதலை பெற்ற கிரிபாஸ் குடியரசின் (வரைபடங்களில் கிரிபட்டி என்று பார்த்திருப்பீர்கள்) மக்கள்தொகையில் பெரும்பகுதி இந்தத் தீவுகளில்தான் வாழ்கிறது. நாட்டின் மொத்த நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர். அதற்கு உரிமையான கடற்பரப்போ சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆக, இங்கே வெட்டும் கருவி வேண்டும் என்றால் மண்ணிடம் கேட்டுப் பயனில்லை, கடலிடம்தான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டு வாங்கியதுதான் சுறாப்பல் வாள். ஒவ்வொரு பல்லின் அடியிலும் மெல்லிய துளை போட்டு, தென்னை நார்க் கயிற்றாலும் சில சமயம் மனிதத் தலைமுடியாலும் மரத்தண்டின் ஓரத்தில் நெருக்கமாக வரிசை கட்டுவார்கள். கையில் அடங்கும் குத்துவாளும் உண்டு, மூன்று கிளை பிரியும் வாளும் உண்டு, ஆள் உயரத்தைவிட இரண்டு மூன்று மடங்கு நீண்ட ஈட்டியும் உண்டு. இவற்றிலிருந்து தப்பிக்க ஒரு கவசமும் இருந்தது. தென்னை நாரைக் கெட்டியாகப் பின்னிய மார்புச் சட்டை, அதன் முதுகுப்பக்கம் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஒரு பலகை, இடுப்பில் திருக்கைத் தோல் பட்டை. தலையில் முள்ளுப் பேத்தை மீனின் தோலை ஊதிப் பெருக்கிக் காயவைத்த தொப்பி. முதுகுப் பலகை எதற்கு என்றால், பின்னாலிருந்து தன் பக்கத்து ஆட்களே எறியும் கற்கள் பிடரியில் படாமலிருக்க என்று விளக்கம் சொல்வதுண்டு. சட்டையில் வைர வடிவங்களை முடியால் இழைத்திருப்பார்கள். ஒரு முழு உடுப்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தால் அழகும் பயமும் சேர்ந்தே வரும்.

இந்த ஆயுதங்கள் இன்று அமெரிக்க, ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் பரவலாக இருக்கின்றன. அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பது ஒரே கதை இல்லை. சில, திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்கள் புகையிலையும் இரும்பும் கொடுத்து மாற்றிக்கொண்டவை. சிலவற்றின் பின்னால் ரத்தம் இருக்கிறது. சார்லஸ் வில்க்ஸ் தலைமையில் 1838 முதல் 1842 வரை அமெரிக்கக் கடற்படை ஒரு பெரிய ஆய்வுப் பயணம் நடத்தியது. அதன் கப்பல்களில் ஒன்றான பீகாக், 1841இல் தபிதேயூயா தீவுக்கு வந்தபோது மாலுமி ஒருவர் காணாமல் போனார். அதற்குப் பழிவாங்க ஊட்டிரோவா என்ற ஊரைத் தீ வைத்து எரித்தார்கள், தீவினர் பலர் கொல்லப்பட்டார்கள். அந்தப் பயணத்தில் சேர்ந்த செடிகள், சிப்பிகள், மீன்கள், ஆயுதங்கள் எல்லாம் பிற்பாடு ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சேகரிப்புக்கு அடித்தளமாயின. ஒரே பயணம். மீனும் வாளும் அக்கம்பக்கத்துப் பெட்டிகளில்தான் வந்து இறங்கியிருக்கும்.

சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம் பிறந்த விதம் வேறு. 1893இல் அந்நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்காகக் கொண்டுவந்த பொருள்களை வைத்துத் தொடங்கிய நிறுவனம் அது. பிறகு 1909 முதல் 1913 வரை ஏ. பி. லூயிஸ் என்ற மானிடவியலாளர் மெலனீசியத் தீவுகளில் சுற்றி ஆயிரக்கணக்கான பொருள்களைச் சேர்த்து அனுப்பினார். 1958இல் இங்கிலாந்தைச் சேர்ந்த கேப்டன் ஃபுல்லர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பசிபிக் பொருள்கள் விலைக்கு வந்தன. வேடிக்கை என்னவென்றால் அவர் பசிபிக் பக்கம் போனவரே இல்லை; ஏலங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் அலைந்து திரட்டியவர். விற்ற பிறகு சிகாகோவுக்கே வந்து, ஒவ்வொரு பொருளும் தன் கைக்கு வந்த கதையை ஒலிப்பதிவு செய்யச் சொல்லிக்கொண்டே போனாராம். அருங்காட்சியகத்தாருக்கு அந்தப் பேச்சு பொருள்கள் அளவுக்கே பெறுமதியானது. எங்கே கிடைத்தது என்று தெரியாத வாள் வெறும் வாள்தானே.

சரி, மீனும் டைனோசரும் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பசிபிக் மக்களின் பொருள்களுக்கு என்ன வேலை? இதற்குப் பதில் அவ்வளவு கௌரவமானது இல்லை. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் கணக்கில் கிரேக்கச் சிலையும் இத்தாலிய ஓவியமும் கலை, அவை கலைக்கூடத்துக்குப் போயின. தீவு மக்களின் படகும் வாளும் முகமூடியும் 'இயற்கை'யின் பட்டியலில், பறவைகளுக்கும் பாம்புகளுக்கும் பக்கத்தில் சேர்ந்தன. ஒரு மனிதக் கூட்டத்தை நாகரிகத்தில் சேர்க்காமல் விலங்கினத்தோடு வைத்த பார்வை அது. இன்றைக்கும் பல அருங்காட்சியகங்களின் கட்டட அமைப்பிலேயே அந்தப் பார்வை தங்கியிருக்கிறது.

ஆனால் அந்தக் காலத்தில் ஆட்கள் இரண்டு பக்கமும் நடந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஏ. சி. ஹேடன் டப்ளினில் விலங்கியல் பேராசிரியர். 1888இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணைக்குப் பவளப்பாறைகளையும் கடலுயிர்களையும் ஆராயப் போனவர், திரும்பும்போது அந்தத் தீவு மக்களின் வழக்கங்களில் மனம் பறிகொடுத்து வந்தார். 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு குழுவையே அழைத்துக்கொண்டு மறுபடி போனார். அந்தக் குழுவில் இருந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ்தான், அங்கே பழகிய வம்சாவளிக் கணக்கெடுப்பு முறையோடு சில ஆண்டுகளில் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களைப் பற்றி எழுதியவர். பவளப்பாறையில் தொடங்கிய ஒரு பாதை ஊட்டியில் வந்து முடிந்திருக்கிறது!

20ஆம் நூற்றாண்டில் இந்த நடமாட்டம் நின்றுபோனது. துறைகள் தனித்தனியாகின. மீன்கள் சாராயக் குப்பிகளில் ஒரு தளத்தில், அவற்றுக்கு மீனியல் ஆய்வாளர்கள். வாள்கள் இழுப்பறைகளில் இன்னொரு தளத்தில், அவற்றுக்கு மானிடவியலாளர்கள். பதிவேடு வேறு, எண் வேறு, படிக்கும் ஆய்விதழும் வேறு. வாளுக்கான பதிவில் 'சுறாப் பல், மரம், நார்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். எந்தச் சுறா என்று கேட்க அங்கே ஆளில்லை. சுறாக்காரர்களுக்கோ அப்படி ஒரு அலமாரி அதே கட்டடத்தில் இருப்பதே நினைவில் இருக்காது.

அந்தக் கேள்வியைக் கேட்ட ஆய்வு 2013இல் வெளிவந்தது. கடலுயிரியலாளர் ஜோஷுவா ட்ரூ, ஃபீல்டு அருங்காட்சியகத்தின் மானிடவியல் சேகரிப்பைப் பராமரித்த கிறிஸ்டோபர் பிலிப், மீன் ஆய்வாளர் மார்க் வெஸ்ட்னீட் மூவரும் சேர்ந்து எழுதி, பிளாஸ் ஒன் ஆய்விதழில் பதிப்பித்தது. ஆசிரியர் பட்டியலைப் பார்த்தாலே அந்தச் சுவரில் ஒரு கதவு திறந்திருப்பது தெரியும். கில்பர்ட் தீவுகளிலிருந்து வந்த சுறாப்பல் ஆயுதங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் இருப்பது எந்த இனத்தின் பல் என்று அடையாளம் காண்பதுதான் வேலை.

கேட்க எளிதாக இருக்கிறது. சுறா இனங்களில் சிலவற்றின் பல்லைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். புலிச்சுறாவின் பல் சேவல் கொண்டைபோல ஒரு பக்கம் சாய்ந்து, ஆழமான வெட்டோடும் முரட்டு ரம்பத்தோடும் இருக்கும். தலைவலி கொடுப்பது கார்கரைனஸ் என்ற பேரினம். முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட இந்தக் கூட்டத்தில் பலவற்றின் மேல்தாடைப் பல்லும் முக்கோணம், விளிம்பில் ரம்பம். அதுவும் ஒரே சுறாவின் வாயிலேயே முன்பல் ஒரு சாய்வு, கடைவாய்ப் பக்கம் வேறு சாய்வு, கீழ்த்தாடையில் வேறு உருவம். முக்கோணத்தின் அகலம், சாயும் கோணம், அடியில் படி விழுகிறதா, ரம்பத்தின் பற்கள் நுனிவரை ஒரே சீராகப் போகின்றனவா என்று பார்த்து, அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே இனம் தெரிந்து வைத்திருக்கும் தாடைகளோடு ஒப்பிட வேண்டும். மரபணுச் சோதனை என்றால் பல்லிலிருந்து கொஞ்சம் தூளாவது எடுக்க வேண்டும். நூற்றைம்பது வயதான வாளில் ஓட்டை போட எந்தப் பராமரிப்பாளரும் லேசில் சம்மதிக்க மாட்டார். கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கும் பழைய முறையே இங்கே பொருத்தமாயிற்று.

முடிவில் எட்டு இனங்கள் தேறின. அதிகம் தென்பட்டது துடுப்புகளின் நுனி வெள்ளையாக இருக்கும் வெள்ளிமுனைச் சுறா. புலிச்சுறா, நீலச்சுறா, கொம்பன் சுறா போன்றவையும் இருந்தன. இவை அந்தக் கடலில் இருப்பதாக எதிர்பார்க்கக்கூடியவை. எதிர்பாராதவை இரண்டு. ஒன்று கார்கரைனஸ் சோரா, வால் நுனியில் கறுப்புத் திட்டு கொண்ட ஒன்றரை மீட்டர் சுறா. மற்றது கார்கரைனஸ் அப்ஸ்க்யூரஸ், நான்கு மீட்டர்வரை வளரும் சாம்பல் நிறச் சுறா. கில்பர்ட் தீவுகளின் கடலில் இந்த இரண்டும் இருப்பதாக எந்தப் பழைய எழுத்திலும் இல்லை, இன்றைய மீன் கணக்கெடுப்புகளிலும் இல்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செய்த வாள்களில் அவற்றின் பற்கள் கட்டியிருக்கின்றன. கணக்கெடுக்க ஆள் வருவதற்கு முன்பே கணக்கிலிருந்து விழுந்த இனங்கள் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். (கறுப்புவால் சுறா உலகத்திலிருந்தே போய்விடவில்லை. நம் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் வலையில் விழுகிற இனம்தான் அது.)

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் கையைத் தூக்குவார்: பற்கள் வேறு தீவிலிருந்து பண்டமாற்றில் வந்திருக்கலாமே? நியாயமான கேள்வி. சுறாப்பல் ஒரு கையளவு பைக்குள் அடங்கும் சரக்கு, கெட்டுப்போகாது. ஆய்வாளர்களும் இதை எடுத்துக்கொண்டு விவாதிக்கிறார்கள். அவர்களின் பதில் சுருக்கமாக இது: கில்பர்ட் மக்கள் தாங்களே தேர்ந்த சுறாப் பிடிப்பாளர்கள், பெரிய மரத் தூண்டில் முதல் சடங்குவரை அவர்கள் வாழ்க்கையில் சுறா கலந்திருக்கிறது. வீட்டு வாசலில் வெள்ளிமுனையும் புலியும் திரியும்போது, தொலைதூரத் தீவிலிருந்து பல் தருவித்ததற்கான தடயம் எதுவும் இல்லை. எனக்கு இந்தப் பதில் ஏற்கும்படி இருக்கிறது, ஆனால் முழுக்கதவையும் அடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தடயம் இல்லை என்பது நடக்கவில்லை என்பதாகாது. அப்புறம், சீட்டுகளின் பிரச்சினை வேறு. பழைய பதிவேடுகளில் 'கிங்ஸ்மில் தீவுகள்' என்று எழுதிப் போட்டிருப்பார்கள். அது சில நேரம் முழு கில்பர்ட் கூட்டத்தையும் குறிக்கும், சில நேரம் தெற்குத் தீவுகளை மட்டும். எந்தத் தீவு, எந்த ஆண்டு என்ற துல்லியம் பெரும்பாலான வாள்களுக்குக் கிடையாது. கப்பல்காரருக்கு அது தேவைப்படவில்லை.

சரி, அந்தச் சுறாக்கள் எப்படிப் போயிருக்கும்? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்தப் பகுதியில் சுறாத் துடுப்பு வியாபாரம் வந்துவிட்டது. சீனச் சமையலுக்குப் போகும் துடுப்பு. சாம்பல் சுறாவின் வாழ்க்கைக் கணக்கைப் பார்த்தால் ஏன் தாங்கவில்லை என்பது புரியும். பெண் சுறா முதிர்ச்சி அடையவே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகின்றன, சினைக்காலம் இரண்டு ஆண்டுகளை நெருங்கும். ஒரு தீவைச் சுற்றியிருக்கும் சிறு கூட்டத்தில் ஆண்டுக்குச் சில பெண் சுறாக்களைப் பிடித்தாலே போதும், இரண்டு தலைமுறையில் வெறுமையாகிவிடும். கறுப்புவால் சுறா வேகமாகப் பெருகும் இனம், அதற்கு இந்த விளக்கம் அவ்வளவு சுலபமாகப் பொருந்தாது. அந்தப் பக்கம் கேள்வி பாதி திறந்தே கிடக்கிறது.

இந்த ஆய்வு மீனியலாளர்களுக்கு ஏன் முக்கியம் என்பதற்கு 1995இல் மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி எழுதிய ஒரு கருத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தான் வேலைக்குச் சேர்ந்த காலத்துக் கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொள்கிறார். அதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்றுதான் அளக்கிறார். அடுத்தவர் அந்தக் குறைந்த கடலிலிருந்து தொடங்குகிறார். இப்படியே அளவுகோல் நகர்ந்து நகர்ந்து, முதலில் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது. பாலி இதற்கு மருந்தாகச் சொன்னது, பழைய கதைகளையும் குறிப்புகளையும் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பது. கில்பர்ட் தீவுகளில் அந்தக் காலத்து எழுத்துக் குறிப்பு சொற்பம். வாள்தான் குறிப்பு.

அந்த வாளைக் கட்டியவர்கள் கடலறிஞர்கள் என்பதை இந்த இடத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்தப் பல் எந்த ஆயுதத்துக்கு, எந்த அளவு எந்த வரிசையில் என்று தேர்ந்து கட்டியிருக்கிறார்கள். பிடித்த மீன்களின் மாதிரியைத் தங்கள் தேவைக்காகப் பத்திரப்படுத்தினார்கள். அது பிறகு அறிவியலுக்கும் உதவியது. ஆய்வுச் செய்திகளில் 'அருங்காட்சியகம் கண்டுபிடித்தது' என்று வரும்போது இந்தப் பகுதி மறைந்துவிடுகிறது. அந்தச் சுறாக்களைப் பிடித்த தாத்தாக்களுக்கு அவை இருந்தது தெரியாதா என்ன?

இதே சிக்கல் ஃபீல்டு அருங்காட்சியகத்தின் இன்னொரு பசிபிக் பொருளிலும் இருக்கிறது. ரூவாடெபுபுகே என்ற மவோரிச் சபைவீடு அது. நியூசிலாந்தின் டோகோமாரு விரிகுடாவில் 1881இல் கட்டியது. பிற்பாடு பிரித்து விற்றுவிட்டார்கள். ஹாம்பர்க் நகர வணிகர் ஒருவர் கைமாறி 1905இல் சிகாகோ வந்தது. பெயருக்குரிய ரூவாடெபுபுகே மவோரிக் கதையில் வரும் மூதாதை. அவருடைய மகனைக் கடல் தெய்வம் டங்கரோவா பிடித்துப்போய்த் தன் கடலடி வீட்டின் கூரை முகப்பில் வைத்துவிடுகிறார். மகனைத் தேடி ஆழத்துக்குப் போன தகப்பன், அங்கே செதுக்கிய தூண்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருப்பதைக் காண்கிறார். வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு மகனோடு சில தூண்களையும் எடுத்துக்கொண்டு மேலே வருகிறார். மரச் சிற்பக் கலை மனிதருக்கு வந்தது அப்படித்தானாம், பேசாத தூண்கள் மட்டுமே கிடைத்தன என்பது கதை. கடலிலிருந்து வந்த கலை! அதைக் கடலுயிர்ப் பிரிவுக்குத் தொடர்பில்லாத ஒன்றாக வைத்துப் பார்ப்பது அருங்காட்சியகத்தின் பழக்கம், மவோரிகளுடையது அல்ல.

1986இல் மவோரிக் கலைக் கண்காட்சி ஒன்று சிகாகோ வந்தபோது டோகோமாரு விரிகுடாக்காரர்களுக்கும் அருங்காட்சியகத்துக்கும் பேச்சு தொடங்கியது. வீட்டைத் திருப்பித் தருவதா, அங்கேயே வைப்பதா என்று நீண்ட ஆலோசனை. கடைசியில் அங்கேயே இருக்கட்டும், ஆனால் உயிருள்ள சபைவீடாக இருக்கட்டும், பராமரிப்பில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று முடிவாயிற்று. சீரமைத்து 1993இல் சடங்கோடு திறந்தார்கள். எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தும் தீர்வு அல்ல. பல சமூகங்கள் பொருளையே திரும்பக் கேட்கின்றன, கேட்பது சரியும்கூட.

கிரிபாஸ் கவசத்துக்கு வேறொரு வழி பிறந்தது. கேம்பிரிட்ஜ் தொல்லியல், மானிடவியல் அருங்காட்சியகத்தின் பசிபிக் ஆய்வுத் திட்டத்தோடு சேர்ந்து நியூசிலாந்தில் வாழும் கலைஞர்கள் கிறிஸ் சார்ட்டரிஸ், லிஸ்ஸி லெக்கி, கைட்டைட்டா வாட்சன் மூவரும் பழைய கவசங்களின் பின்னலை ஆராய்ந்து ஒரு புதிய முழுக் கவசத்தைச் செய்தார்கள். ஒரு முடிச்சை எந்தக் கையால் எந்தப் பக்கம் இழுத்தார்கள் என்பதைப் பதிவேடு சொல்லாது, பின்னிப் பார்த்தால்தான் தெரியும். அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து எழுதப்பட்ட பல ஆய்வுகளைவிட இந்த ஒரு கவசம் அதிகம் கற்றுக்கொடுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

கடல் பக்கத்தில் 2016இல் கிரிபாஸ் அரசு தன் முழுக் கடல் எல்லையையும் சுறாக்களுக்கான காப்பிடமாக அறிவித்து வணிகச் சுறாப் பிடிப்பைத் தடை செய்தது. அத்தனை பெரிய கடலைக் காவல் காக்க அந்தச் சின்ன நாட்டிடம் எத்தனை படகு இருக்கும் என்பது தனிக் கேள்வி. 2022இல் பனாமாவில் கூடிய வனஉயிர் வணிக ஒப்பந்த நாடுகள் கார்கரைனஸ் சேர்ந்த குடும்பம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தன. இதனால் ஒரு விசித்திரம்: பழைய சுறாப்பல் வாளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கண்காட்சிக்கு அனுப்புவதென்றால், அது பட்டியலுக்கு முந்தைய காலத்துப் பொருள் என்ற சான்றிதழ் போன்ற வனஉயிர்க் காகிதங்களும் தேவைப்படும். மானிடவியல் பிரிவின் எழுத்தர் சுறாவின் அறிவியல் பெயரைக் கற்றாக வேண்டிய காலம் வந்துவிட்டது.

இனி வரும் வேலை இன்னும் சிக்கலானது. பல்லிலிருந்து மிகச் சிறிய அளவு தூளை எடுத்து மரபணுவோ புரதமோ பார்க்கும் முறைகள் முன்னேறிவருகின்றன. கறுப்புவால் சுறாவா இல்லையா என்ற வாதத்தை அவை தீர்த்துவைக்கக்கூடும். முள்ளுப் பேத்தைத் தொப்பிகள், திருக்கைத் தோல் பட்டைகள், சிப்பி அணிகள் எல்லாமே இதுவரை யாரும் சரியாக வாசிக்காத கடல் மாதிரிகள். ஆனால் அதே வாளில் மனித முடியும் கட்டியிருக்கிறது. அது ஒருவரின் உடலின் பகுதி, அந்தக் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் இன்றும் தீவில் இருக்கலாம். பழைய சேகரிப்புகளில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் தடவிய வழக்கமும் உண்டு, அது கையாளுபவரையும் பாதிக்கும், சோதனை முடிவையும் குழப்பும். துளை போடலாமா என்று யாரிடம் கேட்பது? சிகாகோவின் பராமரிப்புக் குழுவிடம் கேட்பது வழக்கம். தலைநகர்ப் பகுதியான தெற்குத் தாராவாவின் பிகெனிபேயூவில் கிரிபாஸுக்குச் சொந்தமாக டெ உம்வனிபோங் என்ற சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. அனுமதிக் கடிதத்தின் முதல் படி அங்கே போக வேண்டும், ஆய்வு முடிவின் முதல் படியும் அங்கேயே.